பரணில் கிடக்கும் பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

சபர் சென்ற ஆண்மக்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பொருள்களுக்கு நம் இல்லங்களில் எப்போதுமே தனி மதிப்பு உண்டு. டேப் ரிக்கார்டரும் டார்ச் லைட்டும் காலத்தோடு போய்விட்டன. ஆனால் பிள்ளைகளுக்கென்று வந்த வீடியோ கேம் பெட்டி மட்டும் பல வீடுகளில் இன்னமும் பீரோவின் அடித்தட்டில் துணி சுற்றிக் கிடக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "விளையாட்டுச் சாமானுக்கு ஒரு கட்டுரையா?" என்று புருவம் உயர்த்தாதீர்கள். அதை வாங்க ஒருவர் எத்தனை நாள் வெயிலில் நின்றார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் மூத்த காக்கா துபாயில் இருபத்தேழு ஆண்டுகள் உழைத்தவர். 1993ஆம் ஆண்டில் அவர் ஒரு பெட்டியை ஊருக்குக் கொடுத்தனுப்பினார். இரண்டு ஆண்டுக்கொரு முறை நாற்பது நாள் விடுமுறை. தம் மக்கள் அதில் விளையாடியதை அவர் கண்ணால் கண்டதே இல்லை. இப்போது நிரந்தரமாக ஊர் வந்து சேர்ந்தவர், பேரனை அருகில் அமர்த்தி, 43 அங்குலப் புதுத் தொலைக்காட்சியில் அதை இணைத்தார். உருவங்கள் கொழுத்துப் பரந்து நின்றன. எழுத்துகள் நீரில் நனைந்த மை போலக் கசிந்தன. பொத்தானை அழுத்தியபின் ஒரு கணம் கழித்தே வீரன் குதித்தான். குதிக்கும் முன்பே குழியில் விழுந்தான். "இது கெட்டுப்போச்சு போல" என்று சொல்லிப் பேரன் கைப்பேசியை எடுத்துக்கொண்டான். காக்கா ஒன்றும் பேசாமல் பெட்டியைத் துண்டில் சுற்றி என்னிடம் அனுப்பிவிட்டார். உடன்குடியில் முப்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சி பழுது பார்ப்பதே என் தொழில்.

சோதித்துப் பார்த்தேன். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. புதுத் தொலைக்காட்சியிலும் இல்லை. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். இப்பெட்டிகளுக்கெல்லாம் மூலம், 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாம். அதன் படம் 256 புள்ளி அகலமும் 240 வரி உயரமும் கொண்டது. நம் நாட்டில் விற்ற 'சாமுராய்', 'மீடியா' பெட்டிகளும், வளைகுடாவிலிருந்தும் பர்மா பஜாரிலிருந்தும் வந்த பெயரில்லாப் பெட்டிகளும் அந்த வழி வந்தவையே. பழைய குழாய்த் தொலைக்காட்சி ஒரு படத்தை இரண்டு தவணையாக வரையும்: முதலில் ஒற்றைப்படை வரிகள், பிறகு இரட்டைப்படை வரிகள். விளையாட்டுப் பெட்டியோ ஒவ்வொரு தவணையிலும் அதே வரிகளின் மேலேயே வரையச் சொல்லும். இடையில் விடுபட்ட வரிகள் மெல்லிய கருங்கோடுகளாக நிற்கும். அந்தக் கோடுகளே படத்துக்கு ஒரு கூர்மையைக் கொடுத்தன.

புதுத் தொலைக்காட்சிக்கு இது தெரியாது. வந்தவை ஒரு படத்தின் இரு பாதிகள் என்று எண்ணி இரண்டையும் பின்னிவிடுகிறது. அடிபட்ட வீரன் மின்னி மின்னித் தெரியவேண்டிய இடத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தோன்றுகின்றன. சில வேளை ஆளையே காணோம். பின்னுவதற்கும் பெரிதாக்குவதற்கும் 'அழகுபடுத்துவதற்கும்' ஆகும் நேரந்தான் பொத்தானுக்கும் குதிப்புக்கும் இடையே புகுந்த தாமதம். அந்த அழகுபடுத்தலை நிறுத்துவதே நாம் செய்யவேண்டிய முதல் வேலை.

படத்துக்கான அமைப்புகளில் 'கேம் மோட்' என்று ஒன்றிருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். தாமதத்தில் பெரும்பகுதி அதிலேயே குறையும். படத்தின் விகிதத்தை 4:3 என மாற்றுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும்; விழட்டும், உருவங்கள் உடல் இளைத்துப் பழைய நிலைக்கு வரும். 'ஷார்ப்னெஸ்' என்பதை நன்றாகக் குறையுங்கள். அசைவை வழவழப்பாக்குவது, இரைச்சலைக் குறைப்பது என்றெல்லாம் தொலைக்காட்சி தானாகச் செய்யும் உபகாரங்கள் அத்தனையும் வேண்டாம்.

கம்பியிலும் கவனம் தேவை. ஆன்டெனா வழியாக இணைப்பதைக் காட்டிலும் மஞ்சள், வெள்ளை முனைகள் கொண்ட ஏ.வி. கம்பி மேலானது. (ஆன்டெனா என்றதும் 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடிக்க எங்கள் கரையோர மொட்டைமாடிகளில் நின்ற நெடுங்கம்பங்கள் நினைவுக்கு வருகின்றன. அது வேறு கதை.) பல புதுத் தொலைக்காட்சிகளில் மஞ்சள் முனைக்கும் பச்சை முனைக்கும் ஒரே துளைதான். அமைப்பில் 'காம்போனன்ட்' என்றிருந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், 'ஏ.வி.' என மாற்றினால் வண்ணம் திரும்பும். இதற்காகவே பெட்டி கெட்டுவிட்டதென்று என்னிடம் தூக்கி வந்தவர்கள் உண்டு.

ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சில நூறு ரூபாய்ச் சிறு டப்பாக்களை வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். தொலைக்காட்சி செய்யும் அதே பிழையை அந்த டப்பா முன்கூட்டியே செய்து கொடுக்கும். 240 வரியை அடையாளங்கண்டு பெருக்கும் 'ரெட்ரோடிங்க்' போன்ற கருவிகள் உண்டு. அருமையானவைதாம், ஆனால் விலை நம் போன்றோருக்குச் சற்று அதிகம். பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்போர் கொடுத்துவைத்தவர்கள். பச்சை, நீலம், சிவப்பு முனைகள் கொண்ட காம்போனன்ட் கம்பியை வாங்கி, பெட்டியின் சொந்த அமைப்பிலும் ஆர்.ஜி.பி. என்பதை மாற்றிவிட்டால் படம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகும்.

இத்தனையும் செய்தபின் காக்கா வீட்டில் படம் தேறியது. ஆனால் அந்தப் பழைய ஒளி வரவில்லை. அப்போதுதான் பெரியதாழை நண்பர் நினைவுக்கு வந்தார். மணப்பாட்டைத் தாண்டி, கடலரிப்புக்குத் தூண்டில் வளைவு போட்ட மீனவர் ஊர் அது. கடற்காற்றின் உப்பு அங்கே எந்தச் செப்பு முனையையும் பச்சை பிடிக்க வைத்துவிடும். அதனால் பழுதுக்கென்று அடிக்கடி போய்வந்த பழக்கம். 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கித் தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியை அவர் பரணில் பழைய வலை போர்த்திப் பத்திரப்படுத்தியிருந்தார். 14 அங்குலக் குழாய்ப் பெட்டி. கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சென்ற அதை இன்று சீந்துவாரில்லை.

காக்காவையும் பேரனையும் அழைத்துக்கொண்டு போனேன். ஏ.வி. முனையின் பச்சையைச் சுரண்டி, கேசட்டின் செப்புப் பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தேன். (வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் செம்பை அரிக்கும்.) திரை ஒளிர்ந்தது. வண்ணங்கள் விதை தூவியதுபோல் தெளிந்து நின்றன. பையன் அழுத்தினான், வீரன் அக்கணமே குதித்தான். மூன்றாம் கட்டத்தில் பையன் தோற்றபோது இரண்டாவது கைப்பிடியைத் தன் பாட்டனாரிடம் நீட்டினான். காக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அனுப்பிவைத்த பெட்டியை அவர் முதன்முறையாக விளையாடியது அன்றுதான். மஃரிபுக்கு நேரமாயிற்று என்று நான் இருமுறை சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தத் தொலைக்காட்சியை விலைக்குக் கேட்டேன். நண்பர் கொடுக்கவில்லை. "பாய், என் வாத்து துப்பாக்கிக்கு நான் எங்கே போவேன்?" என்றார். 1984இல் வந்த 'டக் ஹண்ட்' விளையாட்டைச் சொல்கிறார். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் ஒளிக்கண் அதைக் கண்டால் வாத்து விழும். குழாயின் துடிப்புக்கும் வேகத்துக்கும் ஏற்ப அமைந்த கண் அது. புதுத் தொலைக்காட்சியில் வெள்ளைக் கட்டம் தாமதித்தே வரும். எத்தனை சுட்டாலும் ஒரு வாத்தும் விழாது.

ஆகவே பழைய சாமான் கடையில் எடைக்குப் போடக் காத்திருந்த ஒன்றைத் தேடிப் பிடித்தேன். நீங்களும் தேடுவதானால் மஞ்சள் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மின்சாரம் கொடுத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஓரங்களில் நிறம் மாறவில்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். பின்மூடியை மட்டும் நீங்களாகக் கழற்ற வேண்டாம். அணைத்த பின்னும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கும்.