தாழ்மை எங்கே?

கிறிஸ்துவின் சாயலைப் பிறர் நம்மிடத்திற் காணவேண்டுமென்று போதகர்கள் ஞாயிறுதோறும் கூறுகின்றனர். நாமும் தலையசைத்துக் கேட்டு வருகின்றோம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, ஜொகூர்ச் செம்பனைத் தோட்டமொன்றிற் கிராணியாய் அமர்ந்து, பத்தாண்டுகளாகச் செக்ரோல் எழுதிவரும் நமக்கு, தாழ்மையாவது ஆராதனையில் முழந்தாளிடுவதே என்ற எண்ணமிருந்தது. அவ்வெண்ணம் சிதறிய வரலாற்றை அன்பர்களிடம் மறைப்பானேன்?

சம்பளத்திற்கு முந்திய நாள், களைவெட்டும் முதியவள் ஒருத்தி ஆபீஸ் சன்னலண்டை வந்து, தன் கணக்கில் இரண்டு நாள் வேலை விட்டுப்போயிற்றென்றாள். ஏட்டைத் திறவாமலே, பலர் முன்னிலையில், 'நீ', 'போ' என ஒருமையிற் கடிந்து அனுப்பினோம். அவளுக்கு நம் தாயின் வயதிருக்கும். மாலையில் ஏட்டைப் புரட்டினோம், பிழை நம்முடையதே. அடுத்த மாதக் கணக்கில் அவ்விரு நாளையும் சேர்க்க ஒருவருமறியாமற் குறித்துவைத்து, நீதி செய்துவிட்டோமென்று நிம்மதியாய் உறங்கினோம்.

அந்த ஞாயிறன்று பாலங் கடந்து செம்பவாங்கிலுள்ள தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தோம். ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் பிரிட்டிஷார் கடற்படைத் தளமும் தமிழரையும் மலையாளிகளையும் கூட்டிவந்து சேர்த்த இடம் அது. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்துள்ளன. கீழ்த்தளத்தில், தளத்துப் பட்டறையில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவரைக் கண்டோம். எண்பத்தைந்தைக் கடந்தவர், நெற்றி நிறையத் திருநீறு. திருப்பத்தூர்ப் பக்கத்தவர். நாம் கோயிலிலிருந்து வருவதையறிந்து, "தம்பி வேதக்காரரா? எங்க ஊர்ப் பெரியண்ணன், சின்னண்ணன் மார்க்கமா?" என்றார்.

அவ்விருவர் யாவரென அறியாதார்க்குச் சொல்லுவோம். பெரியண்ணன் என்பார் தமிழர், டாக்டர் சவரிராயன் ஏசுதாசன். சின்னண்ணன் என்பார் ஸ்காத்லாந்து தேசத்துச் செல்வக் குடும்பத்திற் பிறந்த டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். இருவரும் 1921-இல் திருப்பத்தூரிற் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். கதருடுத்தி, எளிய உணவுண்டு, ஏழைகளுக்கு மருத்துவஞ் செய்தனர். ஆங்கே எழுந்த ஆலயமும் கோபுரமுடைய தென்னாட்டுக் கோயிலமைப்பினது. கதரணிந்த குற்றத்திற்கோ என்னவோ, 1932-இல் சென்னைத் தெருவிற் போலீசார் சின்னண்ணனைத் தடியால் அடித்தனர். வெள்ளையனை வெள்ளையராட்சியின் போலீசே அடித்த விந்தை!

பெரியவர் சிறுவராயிருந்தபோது காலிற் புண்கண்டு, தாயார் அவரை அவ்வாசிரமத்து மருத்துவமனைக்குச் சுமந்து சென்றாராம். "எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நான் முருகனைத்தான் கும்பிடுகிறேன். ஆனால் உங்க சாமியை ஒருநாளும் பழித்ததில்லை, தம்பி. அவர்களைப் பார்த்த பிறகு எப்படிப் பழிப்பது?" என்றார்.

நமக்குத் தேநீர் இறங்கவில்லை. மருந்தினும், ஆலயத்தினும், 'அண்ணன்' என்ற சொல்லே நம்மை உறுத்தியது. வெள்ளையரெல்லாம் 'துரை' எனப்பட்ட காலத்தில், ஒரு வெள்ளையர், அதிலும் இளையவராக, சின்னண்ணனாக இருக்க இசைந்தார்! நாமோ கறுத்த தோலுடன் சன்னலுக்குள்ளிருந்து துரைத்தனம் நடத்துகிறோம். வடக்கன்குளத்துக் கோயிலிற் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டதென்று பிறரிடம் பெருமையாய்ப் பேசுவதும் நமது வழக்கம். மாரியம்மனை வணங்கும் அக்களைவெட்டி, நம்மைக் கண்டு நம் ஆண்டவரைப் பற்றி என்ன எண்ணியிருப்பாள்? இருட்டிற் குறித்த இரண்டு நாட் கூலியில் அவள் இழந்த மானம் சேர்ந்திருக்குமா?

திங்களன்று பெரட்டு முடியுமுன், அவளைக் கடிந்தபோது கேட்டிருந்தோர் முன்னிலையிலேயே, "அம்மா, பிழை எங்களுடையது, மன்னியுங்கள்" என்றோம். நா சற்றுக் குழறிற்று. மண்டோர் முகத்தைச் சுளித்தார். நாளைக்குக் கிராணிக்கு எவன் அடங்குவான் என்பது அவர் கவலை.

அம்மூதாட்டி அழவுமில்லை, நம்மை வாழ்த்தவுமில்லை. மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு, "என்னுது மட்டுந்தான் விட்டுப்போச்சா, கிராணியாரே? வேற யாருக்கும் இல்லையா?" என்றாள்.

அன்றிரவு விளக்கேற்றி, அவ்வாண்டின் ஏட்டை முதல் தாளிலிருந்து புரட்டலானோம். விடியுமுன் மேலும் மூவர் பெயரிற் குறை கண்டோம்.