வளையாத இடத்தைச் சுரண்டு

அந்தப் பெரியவர் பலகையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் ஓரத்தை நுனியிலிருந்து நோட்டம் பார்த்தபோது எங்கள் ஊர் ஆசாரிதான் நினைவுக்கு வந்தார். கதவு நிலைக்கு மரம் வாங்கப் போனால் அவரும் இப்படித்தான் பார்ப்பார். நான் நின்றிருந்ததோ அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்கு வெளியே ஒரு பெரிய ஹார்ட்வேர் கடையில். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர் கார் ஷெட்டில் வில் செய்யக் கற்றுக்கொடுக்கிறார் என்று தெரிந்து ஒட்டிக்கொண்டேன். பள்ளியில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அவர்தான் இந்தப் பெரியவர். என்னோடு ஒரு நர்ஸ் அம்மாவும் பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் வந்திருந்தார்கள்.

அலமாரி சட்டத்துக்கும் படிக்கட்டு விளிம்புக்கும் வாங்கிப்போகிற ரெட் ஓக் பலகைகள் செங்குத்தாக அடுக்கியிருந்தன. 'ஒன்றுக்கு இரண்டு' என்று சீட்டு ஒட்டியிருக்கும். அளந்தால் முக்கால் அங்குலக் கனம், ஒன்றரை அங்குல அகலம். அறுத்து, சூளையில் உலர்த்தி, இழைத்த பிறகு மிஞ்சுவது அதுதான். நீளம் ஆறடி.

நாற்பது பலகையாவது புரட்டியிருப்பார். முடிச்சு உள்ளவை முதலில் போயின. பிறகு ரேகை. ஓக் மரத்தில் வசந்தகாலத்து வளர்ச்சி பெரிய துளைகளாக நிற்பதால், வளையங்கள் கறுப்புக் கோடுகளாகக் கண்ணுக்கே தெரியும். அந்தக் கோடு ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை பலகைக்குள்ளேயே ஓட வேண்டும். முகப்பிலும் அப்படி, இரண்டு ஓரங்களிலும் அப்படி. நடுவில் சரிந்து விளிம்புக்கு வெளியே போனால் அந்த இடத்தில் நார் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். தேறியது இரண்டு. மூன்றாவதில், ஒரு முனைக்கு ஓரடி முன்னால் ரேகை சாய்ந்து ஓரத்தைத் தொட்டது. "முதுகில் துணி ஒட்டினால் தாங்கலாம். தாங்காமலும் போகலாம்" என்றார். நர்ஸ் அம்மா, "இது எனக்கு இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார்.

வில் மரம் என்றால் இங்கிலாந்தில் யூ, அமெரிக்காவில் ஓசேஜ் ஆரஞ்சு. பின்னதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரே 'வில் மரம்' என்றுதான் பொருள்படும். அந்த மரம் கிடைத்தால்தான் வில் என்று வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். 1911-இல் கலிபோர்னியாவில் யாஹி இனத்தின் கடைசி மனிதராக வெளியே வந்த இஷியிடம் மருத்துவர் சாக்ஸ்டன் போப் வில்வித்தை கற்றார். 1916-இல் இஷி இறந்தார். போப் 1923-இல் நூல் எழுதினார். இங்கே மர வில் செய்கிற பலரும் தங்கள் வழியை அந்த இருவரிடமிருந்து தொடங்கிச் சொல்வார்கள். சாதாரண மரமும் போதும் என்று 1990-களில் அழுத்தமாக எழுதியவர் வில் செய்பவரான டிம் பேக்கர். மரம் தாழ்ந்ததென்றால் வில்லை அகலமாக்கு, நீளமாக்கு, பாரம் பரவிப்போகும். டென்மார்க்கில் ஹோல்மகார்ட் சதுப்பில் 1944-இல் கிடைத்த எல்ம் மர வில்லும் அகலத் தட்டையானதுதான். அதற்கு வயது ஏறத்தாழ 9,000 ஆண்டு. உயர்ந்த மரத்துக்காகக் காத்திருந்தே பலர் கடைசிவரை ஒரு வில்லும் செய்யாமல் போயிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஷெட்டில் வேலை மளமளவென்று நடந்தது. நடுவில் பிடிக்கு ஒரு கட்டை ஒட்டினோம். முக்கால் அங்குலம் கைக்குப் போதாது. பிடிக்கு இருபுறமும் நீளும் வில்லின் கைகளில் பாதி வரை முழு அகலம், அங்கிருந்து நுனிக்கு அரை அங்குலமாக ஒடுக்கம். இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு. நாணை இழுத்தால் முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். முதுகில் லினன் துணி ஒட்டினோம். அதற்கு மேல் முதுகைத் தொடக்கூடாது, சீவுவதெல்லாம் வயிற்றில்தான்.

இனி வருவதுதான் வேலை. சுவரோரம் ஓர் ஆளுயரக் கம்பம்; அதன் தலையில் வில்லின் பிடியைக் கிடத்த ஒரு வெட்டு; அடியில் கப்பி. கயிற்றை இழுத்தால் வில் மெல்ல வளையும். பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். வில்லின் இரண்டு கையும் ஒரே பிறைபோல் வளைய வேண்டும். என் வில்லில் இடது கை நடுவில் ஒரு சாண் நீளம் கழிபோல நிமிர்ந்தே நின்றது.

"வளையாத இடத்தைச் சுரண்டு. வளையற இடத்துப் பக்கமே போகாதே" என்றார். அந்தச் சாண் நீளத்துக்குப் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கச் சொன்னார். எஃகுத் தகட்டின் விளிம்பால் பென்சில் கறுப்பு மறையும் வரை மட்டும் சுரண்ட வேண்டும். சுருள் சுருளாக, வெங்காயத் தோல் கனத்தில் மரம் வந்தது. பிறகு கம்பத்தில் ஏற்றி, முன்பு இழுத்த அளவுக்கே முப்பது முறை இழுத்து விட வேண்டும். "சுரண்டினது மரத்துக்குத் தெரிய நேரம் கொடு."

ஏன் இத்தனை நிதானம்? அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். கனத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கனத்தில் பத்தில் ஒன்றை எடுத்துவிட்டாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். கிறுக்கு, சுரண்டு, இழு, பார் என்று இரண்டு சனிக்கிழமை ஓடின. பையன் எங்கள் எல்லோரையும்விடப் பொறுமைசாலி. ஒவ்வொரு முறையும் தள்ளிப்போய், தலையைச் சாய்த்து, நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் தகட்டைத் தொட்டான்.

இரண்டாவது சனிக்கிழமை மாலை நர்ஸ் அம்மாவின் வில் இருபத்து நான்கு அங்குலம் வரை அழகாக வந்தது. அடுத்த இழுப்பில் தேங்காய் உடைத்ததுபோல் ஒரு சத்தம். ஒரு துண்டு கூரையில் மோதி விழுந்தது. ஓக்கின் புளித்த வாசனை ஷெட் முழுக்கப் பரவியது. யாரும் பேசவில்லை. அவரே குனிந்து துண்டை எடுத்து, உடைந்த வாயில் விரலை வைத்து மெதுவாக ஓட்டினார். நுனிக்கு ஓரடி முன்னால், ஓரத்தைத் தொட்ட அதே கோட்டின் வழியாகவே மரம் பிளந்திருந்தது. துணி கிழிந்து தொங்கியது.

என் வில் அன்றிரவு முடிந்தது. டேக்ரான் இழையை இரு புரியாக முறுக்கி நாண் போட்டோம். இருபத்தெட்டு அங்குலம் இழுத்தால் முப்பத்தெட்டு பவுண்டு, நம் கணக்கில் பதினேழு கிலோ. தோட்டத்து வைக்கோல் கட்டில் முதல் அம்பு இறகு வரை புதைந்தபோது கை நடுங்கியது. நாணைக் கழற்றி மேசைமேல் வைத்தோம். பலகையாக வந்தபோது நேராக இருந்தது, இப்போது நுனிகள் வயிற்றுப் பக்கம் ஓர் அங்குலம் வளைந்திருந்தன. "அது மரம் உனக்கு விட்டுக்கொடுத்தது" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நர்ஸ் அம்மா புதுப் பலகையோடு வந்தார். தனியாகப் போய், பணி முடிந்த களைப்போடு கடையில் ஒரு மணி நேரம் நின்று தேடினாராம். பெரியவர் வாங்கி, ஒரு கண்ணை மூடி ஓரத்தைப் பார்த்தார். திருப்பி மறு ஓரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பென்சிலை எடுத்து, பலகையின் நடுவில் கோடு போட்டார்.