பம்பருக்குப் பின்னால் இருந்தது



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்கள், முக்கியமாக 2020க்கு முதல் வாங்கிய வாகனத்தை இன்னும் ஓடுபவர்கள், நேரம் கிடைக்கும்போது கடைசி வரை வாசித்துவிடுங்கள். இதை யாராவது எங்களுக்கு முந்தியே சொல்லியிருந்தால் எங்கள் சீட்டுக்காசு மிச்சமாகியிருக்கும்.

ஷவ்வால் ஆறு நோன்பில் மூன்றாவதைப் பிடித்திருந்த நாள். உம்மாவை வெள்ளவத்தையில் சாச்சி வீட்டில் விடுவதற்காகக் கொட்டாஞ்சேனையில் இருந்து ஆல்டோவில் போனோம். காலி வீதியில், சவோய் தியேட்டர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மஞ்சள் கடவையில் ஒரு வயதான அம்மா காலை வைத்தார். நாங்கள் நிறுத்தினோம். பின்னால் வந்த பட்டா லொறி நிறுத்தவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் பெரிய காயம் இல்லை. உம்மாவுக்கு அன்று ஒன்றும் தெரியவில்லை, அடுத்த நாள் காலையில்தான் கழுத்தைத் திருப்ப முடியாமல் போனது. பின்னால் இருந்து அடிபட்டால் அப்படித்தான், வலி ஒரு இரவு கழித்து வரும் என்று டொக்டர் சொன்னார். ஆகவே "ஒண்டும் இல்ல" என்று அந்த இடத்திலேயே சொல்லி எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

லொறிக்காரர் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன். புறக்கோட்டையில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு தெஹிவளைக்குப் போகிறவர். இறங்கி வந்த கையோடு, "சேர், பொலிசுக்குப் போக வேணாம் சேர், முதலாளி வேலைய விட்டு நிப்பாட்டிருவார்" என்று சொல்லிக்கொண்டு பத்தாயிரம் ரூபாவை நீட்டினார். கை நடுங்கியது. எங்களுக்கும் கோபம் பாதி, பாவம் பாதி. பம்பரில் ஒரு வெடிப்பு, இடது பக்க லைட் உடைந்திருந்தது, டிக்கிக் கதவில் ஒரு நெளிவு. பார்த்தால் அவ்வளவுதான். பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள், வெயில், நோன்பு. வாங்கிக்கொண்டு போய்விடுவோம் என்று ஒரு நிமிடம் நினைத்ததை மறைக்கவில்லை.

வாங்கவில்லை. படம் எடுத்தோம்: இரண்டு வாகனமும் நின்ற நிலையில், இலக்கத் தகடுகள் தெரிய, மஞ்சள் கடவையும் சேர்ந்து தெரிய. காப்புறுதிக் கம்பனிக்கு அழைத்தோம். நாற்பது நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். சுற்றிப் பார்த்துவிட்டு, "முப்பத்தையாயிரம் தாறம், இப்பவே முடிச்சுக்கொள்ளலாம், கராஜ், எஸ்டிமேட் எண்டு அலைய வேண்டிய இல்ல" என்றார். ஒன் த ஸ்பொட் என்று விளம்பரத்தில் வருவது இதுதான். பேனையைக் கையில் எடுத்தாயிற்று.

ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த த்ரீவீல்கார நானா ஒருவர்தான் காப்பாற்றினார். "சேர், கையெழுத்து வைக்க முந்தி டிக்கியத் திறந்து ஸ்பெயார் வீலக் கழட்டிப் பாருங்க" என்றார். டிக்கி லேசில் திறக்கவில்லை. திறந்து கம்பளத்தைத் தூக்கினால், ஸ்பெயார் டயர் உட்காரும் பள்ளத்தின் தகடு கசக்கிய கடதாசி மாதிரி மடிந்திருந்தது. வந்த அதிகாரியே "ஆ, அப்பிடியா" என்று பேனையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்போதைய பம்பர் என்பது வெளியில் ஒரு பிளாஸ்டிக் மூடிதான். அடிபட்டால் உள்வாங்கி மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடும், ஒன்றும் நடக்காத மாதிரி. அடியை உண்மையில் வாங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டமும், அதற்கும் பின்னால் இருக்கும் பேனலும், டிக்கியின் தளமும். தளம் மடிந்து தையல் விட்டால் மழைத்தண்ணீர் இறங்கும், சைலன்சர் புகையும் உள்ளே வரும். பிள்ளைகள் உட்காருவது அந்தப் பின் சீட்டில்தான்.

பொலிசுக்குப் போனோம். பையனும் வந்தார், தன் பிழை என்று சொன்னார், பதிந்தார்கள். அவருடைய லொறிக்கு இருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி வீதியில் ஓடும் எந்த வாகனத்துக்கும் குறைந்தது அது இருக்க வேண்டும். எங்களிடம் முழுமையான காப்புறுதி இருந்ததால் எங்கள் கம்பனி மூலமே போவது என்று முடிவெடுத்தோம். பிழை எங்களுடையது இல்லை என்பது பொலிஸ் பதிவில் இருந்தபடியால் நோ க்ளெய்ம் போனஸையும் எங்கள் கம்பனி வெட்டவில்லை. எல்லாக் கம்பனியும் அப்படிச் செய்யும் என்று நினைக்க வேண்டாம், உங்கள் கம்பனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் எங்களுக்குத் தெரிந்த கராஜ். முதல் எஸ்டிமேட் 96,000. பம்பரைக் கழட்டி, கம்பளம், சீட் எல்லாம் எடுத்துப் பார்த்த பிறகு அது 228,000 ஆனது. இங்கே ஒரு விடயம். கழட்டிப் பார்த்தபோது தெரிந்த சேதத்தைக் கம்பனி மறுபடி வந்து பார்க்கும் வரை டிங்கர் பாஸைச் சுத்தியலைத் தொட விடாதீர்கள். திருத்தி முடித்த பிறகு "உள்ளேயும் அடிபட்டிருந்தது" என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். எங்களுக்கு அதனால் பதினொரு நாள் வீணாகப் போனது, ஆனால் எஸ்டிமேட் முழுமையாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் கடிதம் வந்தது. 228,000க்கு 126,800தான் தருவோம் என்று.

மூன்று தடவை வாசித்தோம். பிறகு கிளைக்குப் போய்க் கேட்டோம். அங்கிருந்த பிள்ளை ஒரு கல்குலேட்டரை எடுத்து வைத்துக் காட்டினார். எங்கள் பத்திரத்தில் காரின் பெறுமதி 18 இலட்சம். இன்று சந்தையில் அது 30 இலட்சம். அதாவது பெறுமதியில் 60 வீதத்துக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறோம், மிச்சம் 40 வீதத்துக்கு நாங்களே எங்களுக்குக் காப்புறுதி. ஆகவே செலவிலும் 60 வீதம்தான் அவர்களுடையது: 136,800. அதில் நாங்கள் பொறுக்க வேண்டிய எக்செஸ் 10,000 கழிந்தால் 126,800. இதற்கு அவரேஜ் என்று பெயர். பத்திரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. பத்து வகுப்புக்குப் பாடம் எடுக்கிறோம், எங்கள் பத்திரத்தை நாங்கள் வாசிக்கவில்லை.

யாரைக் குறை சொல்வது? 2018இல் வாங்கும்போது அது 17 இலட்சத்துக் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து இரண்டு மாதத்துக்குள் 360 வரை போனது. ஓடி ஓடித் தேய்ந்த பழைய கார்களுக்குப் பொன் விலை வந்தது. அந்த வருடம் நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றோம், பிறகு கியூஆர் கோட்டுக்குக் காத்திருந்தோம், கார் பாதி நாள் வீட்டு வாசலில் நின்றது. காப்புறுதி புதுப்பிக்க வந்தபோது "பெறுமதியைக் கூட்டினால் கட்டணமும் கூடும்" என்றார் முகவர். அப்படியே இருக்கட்டும் என்றோம். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படியே. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாம் திகதி திறந்த பிறகும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் பழைய விலைக்குத் திரும்பும் வழி இல்லை.

ஒரு சகோதரர் கேட்டார், தகாபுல் எடுத்திருந்தால் இப்படி வந்திருக்காதே என்று. அது வேறு பேச்சு. எதை எடுத்தாலும் வாகனத்தின் பெறுமதியைச் சரியாகச் சொல்லும் பொறுப்பு எங்களுடையது.

அன்று மாலை கராஜுக்குப் போய் விடயத்தைச் சொன்னோம். நானா யோசிக்கவே இல்லை. "அதுக்கென்ன சேர், வலது கதவில இருக்கிற பழைய அடியையும் இதோட போட்டுருவோம். ரெண்டு பார்ட்ஸ புதுசெண்டு பில் போட்டு, பழச மாட்டுவோம். அவங்க உங்கட நாப்பது வீதத்த வெட்டுறாங்க தானே? நீங்க கேக்கிறது உங்கட காசு." நல்ல மனிதர், எங்களுக்கு உதவி செய்யத்தான் சொன்னார். அந்தக் கதவின் குழி போன வருடம் எங்கள் கேற்றில் நாங்களே இடித்தது.

உடனே மறுத்துவிட்டோம் என்று எழுத ஆசை. மறுக்கவில்லை. "நாளைக்குச் சொல்றம்" என்றுதான் வந்தோம். இரவு முழுக்க நியாயம் தேடினோம். நியாயமும் கிடைத்தது, அதுதான் பயம். இத்தனை வருடம் கட்டணம் கட்டியிருக்கிறோம், பிழை எங்களுடையது இல்லை, கம்பனிக்கு இது ஒரு காசா. ஆனால் இரண்டு கிழமைக்கு முதல்தான் எட்டாம் வகுப்புக்கு, நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து வைத்து விற்ற வியாபாரியின் சம்பவத்தை நடத்தியிருந்தோம். ஒரு பிள்ளை எழும்பி, "மழை பேஞ்சது அவர்ட பிழை இல்ல தானே" என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு வகுப்பில் நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே ஞாபகம் இருந்தது.

காலையில் போய் வேண்டாம் என்றோம். நானா ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "அப்ப பெறுமதியில பேசிப் பாருங்க சேர், உங்கட கார் முப்பது போகாது" என்றார். நேர்வழியில் கிடைத்த ஒரே யோசனையும் அவரிடமிருந்துதான் வந்தது.

உண்மைதான். கம்பனி பார்த்தது எங்கள் ரகத்துக்குப் பொதுவான விலையை. எங்களுடையது அதிலும் பழைய வருடம், ஓடிய தூரமும் அதிகம். அதே வருடத்துக் கார்களின் விற்பனை விளம்பரங்கள் ஏழு, ஒரு வாகன விற்பனை நிலையத்தின் எழுத்து மூல மதிப்பீடு, மீட்டரின் படம், எல்லாவற்றையும் வைத்துக் கடிதம் கொடுத்தோம். இதில் தீர்வு வராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போவோம் என்றும் மரியாதையாக ஒரு வரி. அவரிடம் முறையிடக் காசு வேண்டாம், ஆனால் முதலில் கம்பனிக்கு எழுதிப் பதில் வாங்கியிருக்க வேண்டும். போக வேண்டி வரவில்லை. பெறுமதியை 27 இலட்சமாக எடுத்தார்கள். 60 வீதம் மூன்றில் இரண்டு ஆனது: 152,000, எக்செஸ் போக 142,000. கையில் இருந்து போட வேண்டியது 86,000.

லொறியின் முதலாளியிடம் பேசினோம். அதற்கு முதல் கம்பனியிடம் கேட்டுக்கொண்டோம், ஏனென்றால் மற்றத் தரப்போடு நாமாகத் தீர்த்துக்கொண்டால் கம்பனி அவர்களிடம் அறவிடும் உரிமை கெட்டுப்போகலாம். குறைகிற பங்கை மட்டும் கேட்கலாம் என்றார்கள். முதலாளி முதலில் கத்தினார், பிறகு 30,000 தர ஒப்புக்கொண்டார், இரண்டு தடவையாக. பையனின் சம்பளத்தில் வெட்டக் கூடாது என்று சொன்னோம். வெட்டினாரா இல்லையா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இரண்டாவது தடவை காசைக் கொண்டுவந்தது அந்தப் பையன்தான், ஒரு பை வெங்காயத்தோடு. அதை வாங்குவதா விடுவதா என்று வாசலிலேயே தடுமாறினோம். உம்மா உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார், வெங்காயத்தையும் வாங்கிக்கொண்டார்.

காரை எடுக்கும் நாளில் விஞ்ஞான அறையில் இருந்து ஒரு காந்தத்தை இரவல் வாங்கிப் போனோம். பேஸ்ட் தடிப்பாகப் பூசி மட்டம் பண்ணிய இடத்தில் காந்தம் ஒட்டாது, நல்ல தகட்டில் சட்டென்று பிடிக்கும். பின் பேனல் முழுக்கத் தடவிப் பார்த்தோம். நானா சிரித்துக்கொண்டே, "சேர், என்னையும் எக்ஸாம் வைக்கிறீங்களா?" என்றார். இடது மூலையில் ஒரு உள்ளங்கையளவு இடத்தில் பிடிக்கவில்லை. முகம் சுளிக்காமல் சுரண்டி மறுபடி செய்து தந்தார். பிறகு டிக்கிக்குள் ஒருவரை டோர்ச்சோடு உட்கார வைத்து வெளியில் இருந்து பைப்பால் தண்ணீர் அடித்தோம். ஒரு சொட்டும் வரவில்லை. இடது லைட் பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய ஒரிஜினல். புது டுப்ளிகேட்டை விட அதுதான் பொருந்தியது. கழட்டிய பழைய சாமான்களைக் கம்பனி வந்து பார்க்கும் வரை எறிய விடவில்லை.

இந்தமுறை 27 இலட்சத்துக்குப் புதுப்பித்தோம், கட்டணம் பதினேழாயிரம் கூடியது. கசந்தது. "மூணு வருஷம் கூட்டிக் கட்டியிருந்தா ஐம்பதாயிரம், இப்ப கையால போனது ஐம்பத்தாறாயிரம், பெரிய வித்தியாசம் இல்லயே" என்று வீட்டில் ஒரு கணக்கு வந்தது. சரிதான், இடிபட்டது பின்பக்கம் மட்டும் என்பதால். கார் முழுசாகப் போயிருந்தால் கிடைத்திருப்பது அதிகம் போனால் 18 இலட்சம். அந்தக் காசுக்கு இன்று அதே காரை யாரும் தரமாட்டார்கள். லீசிங்கில் எடுத்தவர்கள் இதை இன்னொரு தடவை வாசியுங்கள்.

இன்று இரவே உங்கள் பத்திரத்தை எடுத்துக் காப்புறுதிப் பெறுமதி என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் கம்பனிக்கு எழுதிய கடிதத்தின் மாதிரி தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, தேவைப்படுபவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்பிவைக்கிறோம். பெயர், இலக்கம் எல்லாம் அழித்துவிட்டோம்.

வலது கதவின் குழி அப்படியேதான் இருக்கிறது. அடுத்த சீட்டு விழுந்தால் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.