நடுவுல நிக்கிறவனுக்கு என்ன விலை?

கபடி பார்க்கிற நண்பர்களே, ஒரு சின்ன சோதனை. கடைசியா பார்த்த ப்ரோ கபடி ஆட்டத்துல பாடிப் போன ரெண்டு பேரோட பேரைச் சொல்லுங்க. டக்குனு சொல்லிடுவீங்க. கணுக்காலைப் பாய்ஞ்சு பிடிச்ச கார்னர் ஆட்டக்காரர் ஒருத்தர் பேர்? கொஞ்சம் யோசிச்சா வந்துடும். சரி, ரெண்டு கார்னருக்கும் நடுவுல நின்னாரே, கவர் ஆட்டக்காரர், அவர் பேரு?

அதேதான். இந்தப் பதிவு அவரைப் பத்தித்தான்.

ஊர்ல சடுகுடு ஆடினதோட நிறுத்திக்கிட்டவங்களுக்கு ஒரு சுருக்கம். ஒரு அணிக்கு ஏழு பேர். கடைசி ரெண்டு ஓரத்துல நிக்கிறவங்க கார்னர். அவங்களுக்கு அடுத்து இன். அதுக்கு அடுத்து கவர். நட்டநடுவுல சென்டர். பாடி வர்றவர் மூலைக்குள்ள போனா, காலைப் பிடிக்கிறது கார்னர் வேலை. அவர் திமிறிக்கிட்டு நடுக்கோட்டைப் பார்த்து ஓடி வரும்போது நெஞ்சைக் கொடுத்து நிறுத்துறதும், இல்ல தோளால இடிச்சு வெளியே தள்ளுறதும் கவர் வேலை. முன்னதை பிளாக்னும் பின்னதை டேஷ்னும் சொல்றாங்க.

இப்ப சிக்கலுக்கு வருவோம். ஒரு பிடிக்கு அணிக்கு ஒரு புள்ளி. அது ஒரே ஒரு ஆள் பேர்லதான் கணக்குல ஏறும். காலைப் பிடிச்சவர் பேர் வரும், மேல விழுந்து அமுக்கின மூணு பேர் பேரும் வராது. இன்னும் ஒரு படி மேல போனா, கவர் சரியான இடத்துல நிக்கிறதைப் பார்த்துட்டு, பாடி வந்தவர் உள்ளேயே போகாம 30 செகண்டை ஓட்டிட்டுத் திரும்பிப் போயிடுவார். யாருக்கும் புள்ளி இல்லை. ஸ்கோர் அட்டையில அது வெறும் வெத்து ரெய்டு. ஆனா தொடர்ந்து ரெண்டு வெத்துன்னா மூணாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்கலைன்னா அவரே அவுட். அந்த நெருக்கடியை உண்டாக்கினது யாருன்னு எந்த அட்டையிலயும் இருக்காது.

அப்போ இந்த ஆளை எப்படி மதிப்பு போடுறது?

எனக்கு இந்தக் கேள்வி வந்ததுக்குக் காரணம் தாராவியில இருக்கிற ஒரு அண்ணாச்சி. நாங்குநேரி பக்கத்துக்காரர். நாப்பது வருசமா இங்கே இட்லி வியாபாரம். ஒரே பையன், பத்தொன்பது வயசு, என்னைச் சித்தப்பான்னு கூப்பிடுவான். லால்பாக், பரேல், பிரபாதேவி பக்கமெல்லாம் கபடி ரத்தத்துல ஊறினது. மில்கள் ஓடின காலத்துல தொழிலாளிகள் வேலை முடிஞ்சு சாயங்காலம் ஆடின ஆட்டம். மராட்டியில 'ஹுதூதூ'ன்னு சொல்வாங்க. நம்ம பையன் அந்தப் பக்கத்து மராட்டி மண்டல் ஒண்ணுல சேர்ந்து, தமிழும் மராட்டியும் ஹிந்தியும் கலந்து கத்திக்கிட்டே இடது கவர் ஆடுவான்.

ஒரு தேர்வு முகாமுக்குப் போயிருந்தான். ரெண்டு நாள். தேர்வு ஆகலை. "எத்தனை பாயின்ட் எடுத்தே?"ன்னு கேட்டிருக்காங்க, இவன் "மூணு"ன்னு சொல்லியிருக்கான். "ரெய்டரா மாறு தம்பி, அதுலதான் காசு"ன்னு அனுப்பிட்டாங்களாம்.

அண்ணாச்சி எனக்கு போன் பண்ணினார். "தம்பி, நீங்க படிச்சவிய, ஆட்டமும் பாக்குதிய. பய நெசமாவே நல்லா ஆடுதானா, இல்ல சும்மா நடுவுல நிக்கானா? நல்லா ஆடலைன்னா சொல்லிருங்க, கடையில உக்காரட்டும்."

விளையாட்டுப் பேச்சில்லை இது. ஒரு பையனோட அடுத்த அஞ்சு வருசம். நான் வங்கியில இன்டர்னல் ஆடிட் பார்க்கிறவன். நடக்காம போன நஷ்டத்துக்கு யாரும் கைதட்ட மாட்டாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும் :-) அதனால அவசரப்படாம உட்கார்ந்து யோசிச்சேன்.

முதல்ல காசுக் கணக்கு. ப்ரோ கபடியோட முதல் ஏலம் 2014 மே மாசம் இதே மும்பையில நடந்தது. அன்னிக்கு அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12.8 லட்சம். 2018 ஏலத்துல ஒரு கோடியை முதல்ல தொட்டது ஒரு ரெய்டர்னு நினைப்பீங்க. இல்லை. ஈரான்காரர் ஃபசல் அத்ராச்சலி, இடது கார்னர். எடுத்தது யு மும்பா. 2023 ஏலத்துல பவன் செராவத் 2 கோடியே 60.5 லட்சம், இன்னொரு ஈரான்காரர் ஷாட்லூய் 2.35 கோடி. ஆக பிடிக்கிறவங்களுக்குக் காசே இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா பெருந்தொகை வாங்கின தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்தா ரொம்ப நாளைக்கு கார்னர் பேரா வரும். ஓரத்துல பாய்ஞ்சு பிடிக்கிறது கண்ணுக்குத் தெரியும். நடுவுல நிக்கிறது தெரியாது.

அமெரிக்காவுல இருக்கிற மச்சான்கிட்ட இதைச் சொன்னேன். "எங்க ஊர்லயும் இதே கதைதான் மாப்ளே"ன்னு ஆரம்பிச்சுட்டார். அமெரிக்கன் ஃபுட்பால்ல அஃபென்சிவ் லைன்மேன்னு அஞ்சு பேர். பந்தைத் தூக்கிக்கிட்டு ஓட மாட்டாங்க, புள்ளி எடுக்க மாட்டாங்க. பந்தை எறியுற குவார்ட்டர்பேக் மேல எதிராளி விழாம மறிச்சு நிக்கிறதுதான் வேலை. வேலையை ஒழுங்கா செஞ்சா அவங்க பேரே கேட்காது. தப்பு பண்ணினா மட்டும் டிவியில மூணு தடவை காட்டுவாங்க. கல்லூரியில ஆடுற பசங்களை 32 அணிகளும் வருசா வருசம் டிராஃப்ட்ல ஏழு சுத்தா தேர்ந்தெடுக்கும். அதுக்கு முன்னாடி இண்டியானாபொலிஸ்ல ஒரு முகாம். 40 கெஜம் எத்தனை செகண்ட்ல ஓடுறான், 102 கிலோவை எத்தனை தடவை தூக்குறான், கை எத்தனை அங்குலம், எல்லாம் அளப்பாங்க.

அளந்தும் தவறுது. 2011ல ஜேசன் கெல்சியை ஆறாவது சுத்துல, 191வது ஆளாத்தான் எடுத்தாங்க. எடை போதாதுன்னு பேச்சு. அவர் பிலடெல்ஃபியா அணிக்கு 13 சீசன் ஆடி, 2018ல சூப்பர் பௌல் கோப்பையும் வாங்கிட்டு 2024ல ஓய்வு பெற்றார். 2018 முகாம்ல ஓர்லாண்டோ பிரவுன் ஓடினதும் தூக்கினதும் பரிதாபம். மூணாவது சுத்துக்கு இறங்கினார். அடுத்த வருசமே அங்கே உயர்ந்த கௌரவமான ப்ரோ பௌலுக்குத் தேர்வானார்.

அவங்களுக்கு அளக்கவாவது ஆள் பெருசு, பலர் 135 கிலோவுக்கு மேல. நம்ம சீனியர் ஆண்கள் கபடியில 85 கிலோதான் வரம்பு. உடம்பைப் பார்த்து எடுத்துடலாம்ங்கிற வழியே கிடையாது. ஆட்டத்தைத்தான் பார்க்கணும்.

எதைப் பார்க்கிறது? மண்டல் பயிற்சியாளர் ஒருத்தர், அறுபது தாண்டின மராட்டிக்காரர், எனக்குச் சொல்லிக்கொடுத்ததை என் வார்த்தையில தர்றேன்.

1. பாடி வர்றவரைப் பார்க்காதே. இருபது ரெய்டு முழுக்க அந்தப் பையனை மட்டும் பாரு. குதிகால்ல நிக்கிறானா, முன்பாதத்துல நிக்கிறானா? குதிகால்ல நிக்கிறவன் அரை செகண்ட் லேட்.

2. ரெய்டர் எதிர் மூலையில இருக்கும்போது இவன் என்ன செய்றான்? நல்ல கவர் அப்பவே ஒரு எட்டு நகர்ந்து, திரும்பி ஓடுற வழியை மூடி வெச்சிருப்பான். சுமாரானவன் நின்னு வேடிக்கை பார்ப்பான்.

3. கார்னர் காலைப் பிடிச்சதும் இவன் எத்தனை நேரத்துல அங்கே போய்ச் சேர்றான்? கணுக்கால் பிடி தனியா நிக்காது. ரெண்டாவது ஆள் வர்ற வேகம்தான் அதைப் புள்ளியாக்குது.

4. ஆசைப்படுறானா? ரெய்டர் உள்ளே வர்றதுக்கு முன்னாடியே பாய்றதை அட்வான்ஸ் டேக்கிள்னு சொல்வாங்க. கைதட்டலுக்கு ஆசைப்பட்டு அதைச் செஞ்சு புள்ளியைத் தானம் பண்றவனே அதிகம்.

5. தப்பு பண்ணின பிறகு வர்ற அடுத்த ரெய்டைப் பாரு. பழி தீர்க்க இடம் மாறி நிக்கிறானா, பழைய இடத்துலயே நிக்கிறானா?

இந்த அஞ்சுல ஒண்ணாவது புள்ளிப் பட்டியல்ல இருக்கா?

உதாரணத்துக்கு நம்ம தமிழ்நாட்டு ஜீவா குமார். 2014ல யு மும்பாவுல ஆரம்பிச்சவர், கவர். மோஹித் சில்லர், சுரேந்தர் நாடா ரெண்டு மூலையிலயும் பாய்ஞ்சு பேர் வாங்கினாங்க. இவர் நடுவுல டேஷ் போட்டுக்கிட்டு இருந்தார். முதல் மூணு சீசன்லயும் யு மும்பா இறுதி ஆட்டத்துக்குப் போச்சு, 2015ல கோப்பை. அப்புறம் 2019ல பெங்கால் வாரியர்ஸ் ஜெயிச்சப்ப அந்த அணியில ஜீவா. 2022 பிப்ரவரியில தபாங் டெல்லி ஜெயிச்சப்ப அங்கேயும் ஜீவா. மூணு ஊர், மூணு கோப்பை. தற்செயல்னு ஒரு தடவை சொல்லலாம், மூணு தடவையா?

இன்னொண்ணு, 2022 டிசம்பர். தமிழ் தலைவாஸ் அந்த சீசனுக்கு பவன் செராவத்தை 2.26 கோடி கொடுத்து எடுத்திருந்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு அவர் வெளியே போயிட்டார். அவ்வளவுதான் முடிஞ்சதுன்னு எல்லாரும் கை கழுவினோம். ஆனா நரேந்தர்ங்கிற இளைஞர் பாட, சாகர், சாஹில் குலியா, மோஹித், நம்ம அபிஷேக்னு பெரிய பேர் இல்லாத பசங்க பிடிக்க, தலைவாஸ் முதல் முறையா அரையிறுதிக்கு வந்தது. அதுவும் நம்ம வொர்லி ஸ்டேடியத்துல! செம்பூர்ல இருந்து நாங்க, தாராவியில இருந்து ஒரு டெம்போ நிறைய பசங்க. புனே அணிகிட்ட 39-37. ரெண்டே புள்ளி. தொண்டை கட்டிப் போய்தான் வீட்டுக்கு வந்தேன். தங்கமணி மூணு நாள் நிம்மதியா இருந்தாங்க.

இதோட மறுபக்கமும் இருக்கு. 2023ல ஒரு அணிக்கு மொத்தச் செலவு வரம்பு 5 கோடி. அதுல பாதிக்கு மேல பவனுக்கே கொடுத்த தெலுகு டைட்டன்ஸ் அந்த சீசன்ல கடைசி இடம். கோப்பை புனேக்கு. அங்கே வலது கவர்ல யார்? தமிழ்நாட்டு அபினேஷ் நடராஜன். அவர் கோடி வாங்கி வந்தவர் இல்லை, இளம் வீரரா அணியே வளர்த்தெடுத்தவர்.

மார்க்கெட்டுக்கும் மெதுவா புத்தி வருது. 2024 ஆகஸ்ட் ஏலத்துல, இதே மும்பையில, யு மும்பா சுனில் குமாரை 1 கோடியே 1.5 லட்சத்துக்கு எடுத்தது. ஒரு கோடியைத் தாண்டின முதல் இந்தியத் தடுப்பாட்டக்காரர். அவர் ஆடுறது எங்கே? வலது கவர். 2022ல ஜெய்ப்பூர் கோப்பை வாங்கினப்ப கேப்டனும் அவர்தான். இந்த இடத்துக்கு வர ஏலத்துக்குப் பத்து வருசம் ஆச்சு.

இதையெல்லாம் கையில வெச்சுக்கிட்டு நான் ரெண்டு ஞாயித்துக்கிழமை அந்தப் பையனோட ஆட்டத்தைப் போய்ப் பார்த்தேன். புள்ளியை எண்ணலை. அவன் பக்கம் வந்த எதிரணி ரெய்டர்கள் எத்தனை தடவை வெறுங்கையோட திரும்பினாங்கன்னு நோட்டுல கோடு போட்டேன். ரெண்டு ஆட்டத்துலயும் வலப்பக்கத்தை விட இவன் நின்ன இடப்பக்கம் கோடு அதிகம். நாலாவது விதியில மட்டும் உதைக்குது, ஆசைப்பட்டு ரெண்டு தடவை முன்னாடி பாய்ஞ்சுட்டான். மேட்ல ஷூ போட்டு ஆடிப் பழக்கமும் போதாது, மண்ணுல வளர்ந்த கால்.

அண்ணாச்சிகிட்ட மறைக்காம சொன்னேன். "அண்ணாச்சி, பையன் சும்மா நிக்கலை. நின்னு ஆடுறான். ஆனா கோடி வரும்னு நான் எழுதித் தரமாட்டேன். ரெய்டரா மாறச் சொல்லாதீங்க, சுமாரான ரெய்டர் ஆயிரம் பேர் இருக்காங்க. ரெண்டு வருசம் கொடுங்க. டிகிரியை விடக் கூடாது. இந்த ஊர்ல கபடிக்குன்னு அணி வெச்சிருக்கிற கம்பெனிகள் இருக்கு, ரயில்வேயும் போலீஸும் விளையாட்டு ஒதுக்கீட்டுல ஆள் எடுக்குது. அங்கே பார்த்து எடுக்கிறவங்க பழைய ஆட்டக்காரங்க, அவங்களுக்குக் கவர்னா என்னன்னு தெரியும்."

அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ரெண்டு வருசம்தான? கடையில நானே நின்னுக்கிடுதேன்"ன்னார்.

பையன் இப்ப மாட்டுங்கா பக்கம் மேட் இருக்கிற இடத்துல வாரம் மூணு நாள் பயிற்சிக்குப் போறான். ஆட்டத்தை யாராவது போன்ல படம் பிடிச்சா, முழு மைதானமும் தெரியுற மாதிரி பின்னாடி இருந்து பிடிக்கச் சொல்லியிருக்கேன். ரெய்டர் முகத்தையே காட்டுற வீடியோவுல கவர் எங்கே தெரியப் போறான்?

உங்க வீட்டுலயோ தெருவுலயோ இப்படி நடுவுல நிக்கிற பசங்க இருந்தா, முகாம்ல "எத்தனை பாயின்ட்?"னு கேட்பாங்க. எதிரணி எத்தனை தடவை வெத்தா திரும்பிச்சுங்கிறதையும் ஒரு நோட்டுல எழுதிக் கொடுத்து அனுப்புங்க.