எக்ஸ் என்றோர் எழுத்து

பசறைத் தோட்டமொன்றைச் சேர்ந்த முதியவருக்காக இணையப் படிவமொன்றை நிரப்பச் சென்ற வாரம் பதுளையில் அமர்ந்திருந்தேன். 'அடையாள அட்டை எண் தவறு' என்றே மீண்டும் மீண்டும் வந்தது.

எண் சரியானதே. ஒன்பது இலக்கங்கள், இறுதியில் எக்ஸ். பழைய அட்டைகளில் விண்ணப்பித்தபோது வாக்குரிமை இருந்தவருக்கு வி, இல்லாதவருக்கு எக்ஸ். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய பெற்றோரின் பிள்ளை அவர்.

என் வி எண்ணைப் படிவம் உடனே ஏற்றது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணையும் ஏற்றது. நிரலாளர் தம் 'ரெகுலர் எக்ஸ்பிரஷ'னில் எக்ஸை மறந்திருக்கிறார். வி-க்குப் பக்கத்தில் இன்னோர் எழுத்து, அவ்வளவே வேலை.

"வின்னே போட்டுருங்களேன் ஐயா" என்றார் முதியவர். அது உங்கள் எண்ணாக இராதே! காகிதத்தில் விண்ணப்பம் எழுதித் தபாலில் சேர்த்தோம்.