பெயர்ந்து நின்ற திருவுரு

பிரதோஷ நாளில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் பெரும்பாலும் மகாநந்தியின் அபிஷேகத்தைக் கண்டு, பெருவுடையாரை வணங்கி, வாராகி அம்மன் சந்நிதியில் சற்று நின்றுவிட்டு வீடு திரும்பிவிடுவர். திருவையாற்றுக்கு அருகே, குடமுருட்டிக் கரையிலுள்ள சிற்றூரிலிருந்து வந்திருந்த முதிய தம்பதியரும் அவ்வாறே திரும்பியிருப்பர். அபிஷேகம் தொடங்க நேரம் இருந்தமையால், நாயக்கர் காலத்து ஓவியங்கள் வைக்கப்பட்டிருக்கும் கூடத்துக்குள் நுழைந்தனர்.

அங்கே சுவர் இல்லை, பலகைகளே இருந்தன. சுவரில் எழுதப்பட்ட சித்திரங்கள் பலகையில் எப்படி வந்தன என்று அம்மையார் கேட்டார். முதியவர் அறிந்தவரை விளக்கினார். அவர் கூறியதைச் சற்று விரிவாகவே இங்கு சொல்ல வேண்டியிருக்கிறது.

பெருவுடையார் கருவறையைச் சுற்றி, இரு சுவர்களுக்கு இடையே இருள் சூழ்ந்த உட்சுற்று ஒன்று உண்டு. பக்தர்கள் அங்கே செல்ல அனுமதியில்லை. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அந்தச் சுற்றுக்குள் நுழைந்து சுவர்களை ஆராய்ந்தார். நாயக்கர் காலத்துப் பூச்சு ஆங்காங்கே உதிர்ந்திருந்த இடங்களில், அதனடியில் வேறு சித்திரங்கள் தென்பட்டன. அவை இராஜராஜ சோழர் காலத்தவை; கோயில் எழுந்த காலத்திலேயே தீட்டப்பட்டவை.

அவற்றுள் சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு இருக்கிறது. மணப்பந்தலில் ஓலையோடு வந்து வழக்காடும் கிழவேதியர் ஒரு பக்கம்; வெள்ளை யானை மீது சுந்தரரும், குதிரை மீது சேரமான் பெருமாளும் கயிலைக்குச் செல்லும் காட்சி மற்றொரு பக்கம். சேக்கிழார் பெருமான் பெரிய புராணம் பாடியது 12-ஆம் நூற்றாண்டில். அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே இந்தத் திருக்கதை தஞ்சையின் சுவரில் எழுதப்பட்டுவிட்டது என்பதை எண்ணினால் மெய் சிலிர்க்கும். அடியார் வரலாற்றை நூலில் ஓதியவர்களுக்கு முன், சுவரில் கண்டவர்கள் இருந்திருக்கிறார்கள்.

சோழர் காலத்து ஓவியர்கள் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டினர். அந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும். இறுகும்போது வண்ணத்தையும் தன்னுள் பிடித்துக்கொள்ளும். ஆகவே வண்ணம் சுவரின் மேல் இல்லை, சுவராகவே ஆகிவிட்டது. ஆயிரம் ஆண்டுகள் நின்றதற்குக் காரணம் இதுவே. ஆனால், இவ்வளவு உறுதியான சித்திரங்களின் மீது பிற்காலத்தார் புதுப்பூச்சு இட்டுத் தங்கள் காலத்துச் சித்திரங்களை எழுதிவிட்டனர். அடியிலிருந்தவை பழுதுபட்டிருந்தனவோ, மங்கித் தெரிந்தனவோ, இருளில் யார் கண்ணிலும் படவில்லையோ! எப்படியாயினும் அவர்கள் செய்ததும் திருப்பணிதான். வெள்ளையடித்து மறைக்கவில்லை, இறைவனையே மீண்டும் எழுதினார்கள்.

சோழர் சித்திரம் வேண்டுமெனில் நாயக்கர் சித்திரத்தைச் சுரண்டி எறிய வேண்டும். நாயக்கர் சித்திரம் வேண்டுமெனில் சோழர் சித்திரம் என்றென்றும் மறைந்தே கிடக்க வேண்டும். தொல்லியல் துறையின் வேதியியலார் இவ்விரண்டில் எதையும் ஏற்கவில்லை. ‘டீ-ஸ்டக்கோ’ என்று தாங்கள் பெயரிட்ட முறையால் நாயக்கர் காலத்து ஓவியங்கள் 16-ஐ முழுமையாகப் பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தினர். சுவரோவியங்களைப் பெயர்க்கும் பொதுவான முறை இதுதான்: ஓவியத்தின் முகத்தில் மெல்லிய துணியைப் பசையிட்டு ஒட்டுவர், அது காய்ந்து பிடித்ததும், மெல்லிய தகடுகளை உட்செலுத்திப் பூச்சோடு சேர்த்துச் சுவரிலிருந்து பிரிப்பர், முதுகுப் புறத்தைச் சீராக்கிப் புதிய தளத்தில் பதிப்பர், பிறகு முகத்திலுள்ள துணியை நனைத்து அகற்றுவர். 1966 நவம்பரில் ஆர்னோ ஆற்று வெள்ளம் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துத் தேவாலயங்களுக்குள் புகுந்தபோது, நனைந்த சுவர்களிலிருந்து பல ஓவியங்களை இவ்வாறு பெயர்த்தே காத்தனர். காவிரிக் கரையில் வாழ்வோருக்கு வெள்ளத்தைப் பற்றி எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என்னங்க, சாமி படத்தை இடம் பெயர்க்கலாமா? தோஷம் இல்லையா?” என்றார்.

“கும்பாபிஷேகத்துக்கு முன்னால் பாலாலயம் செய்கிறார்களே, அது என்ன?” என்று முதியவர் திருப்பிக் கேட்டார்.

அவர் கேட்டது பொருத்தமானதே. திருப்பணி தொடங்குமுன் மூலவரின் ஆற்றலைக் கலாகர்ஷணம் என்னும் கிரியையால் கும்பத்துக்கு மாற்றுவர். அத்திப் பலகையில் மூலவரின் திருவுருவை எழுதிப் பாலாலயத்தில் வைத்து, திருப்பணி முடியும்வரை அதற்கே பூசை நடத்துவர். கல்லிலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து மீண்டும் கல்லுக்கும் இறைவன் எழுந்தருள்வது நம் ஆலயங்களில் வழிவழியாக வரும் நடைமுறை. கண்ணாடியிழைப் பலகையில் ஆகம விதி எதுவும் இல்லை என்பது உண்மைதான். எனினும் பெயர்த்தவர்கள் கை கூசியே செய்திருப்பார்கள் என்று நம்பலாம்.

அம்மையாரின் கேள்விக்கு வேறொரு காரணமும் இருந்தது. அவர்களுடைய ஊரில் பழைய வீட்டை இடித்துக் கட்டவேண்டிய நிலை. சம்பா அறுவடை முடிந்ததும் கொத்தனார் வருவதாகப் பேச்சு. பூசை அறைச் சுவரில் வள்ளி தெய்வானை சமேதராக முருகப் பெருமானின் அச்சுப் படம் ஒன்று இருந்தது. கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் கைவண்ணத்தைப் பின்பற்றிச் சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படங்கள் வீடுதோறும் இருந்த காலத்தது அது. முதியவரின் தாயார் அதற்குச் சட்டம் போட வசதியின்றி, மைதாப் பசை காய்ச்சிச் சுண்ணாம்புச் சுவரிலேயே ஒட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் அதன் திருவடியில் குங்குமம் வைத்தார். அவருக்குப் பின் மருமகள் வைத்தார். அந்தக் குங்குமம் இப்போது விரற்கடை உயரத்துக்குத் தடித்து, கருஞ்சிவப்பாய் இறுகியிருந்தது.

விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி எளிய வழி ஒன்று கூறினாள். கைவினை வகுப்பில் அவள் கற்றது: அச்சிட்ட தாளைப் பாலிமர் களிமண்ணின் மேல் முகம் கவிழ்த்து வைத்து, நன்கு தேய்த்து, பிறகு நீர் தெளித்துத் தாளை உருட்டி எடுத்துவிட்டால், மை மட்டும் களிமண்ணில் தங்கிவிடும், அதைச் சூளையில் சுடுவதுபோல் அடுப்பில் சுட்டுக்கொள்ளலாம். படத்தைக் கைப்பேசியில் எடுத்து அச்சிட்டால், எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம்.

“கவிழ்த்து வைத்தால் வேல் இடக்கைக்குப் போய்விடுமே, கண்ணு?” என்றார் அம்மையார்.

“முதலிலேயே இடவலம் மாற்றி அச்சிட்டுக்கொள்ளலாம், பாட்டி.”

அதற்கும் அம்மையார் இசையவில்லை. “அது வேறு படம். அத்தை கும்பிட்டது இது.”

தஞ்சையிலிருந்து திரும்பிய மறுவாரம், கொத்தனார் வருவதற்கு இரண்டு நாள் முன்பாக, வேலை தொடங்கியது. பசை மைதாவாதலால் நீருக்கு இளகும். அச்சு மை எண்ணெய் கலந்ததாதலால் நீருக்குக் கரையாது. ஆனால் குங்குமம் கரையும். ஈரத் துணியைப் படத்தின் மீது போர்த்தினால் சாயம் படம் முழுவதும் ஓடிவிடும் என்பதை முதியவர் அப்போதுதான் உணர்ந்தார். படம் வேண்டுமெனில் குங்குமத்தை எடுத்தாக வேண்டும். தாயார் தம் கையால் வைத்தது அந்தக் கட்டியின் அடியில்தான் இருந்தது. மேலே இருந்ததெல்லாம் மனைவி வைத்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் வெகுநேரம் நின்றார்.

அம்மையார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று, வெண்கலக் குங்குமச் சிமிழையும் வெற்றிலைக் காம்பு கிள்ளும் சிறு கத்தியையும் கொண்டு வந்தார். நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு, தரையில் அமர்ந்து, கத்தி முனையால் குங்குமத்தைப் பொடிப்பொடியாகப் பெயர்த்துச் சிமிழில் சேர்த்தார். அரை நாழிகைக்கு மேலாயிற்று. ஒரு துகளும் கீழே விழவில்லை. அடியில் முருகனின் திருவடி, மற்ற இடங்களைப் போல் வெளுக்காமல், அச்சான நாளின் நிறத்தோடு இருந்தது.

பிறகு ஈரத் துணி போர்த்தினர். பேத்தி மேலிருந்து கீழாக, சதையிலிருந்து கட்டுத்துணியைப் பிரிப்பதுபோல் படத்தைப் பிரித்தாள். மயில் தோகையின் ஒரு மூலை மட்டும் வர மறுத்துச் சுவரிலேயே தங்கிவிட்டது. சுவரோடு அதுவும் போயிற்று. மற்றது முழுவதும் வந்தது. நிழலில் உலர்த்தி, தச்சரிடம் வாங்கிய தேக்குப் பலகையில் புதிதாகக் காய்ச்சிய பசையால் ஒட்டினார்கள்.

புதிய வீடு முடிய ஆனியாயிற்று. கிரகப்பிரவேசம் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை, அம்மையார் பழைய சிமிழைத் திறந்து, அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, பலகையிலிருந்த திருவடியில் வைத்தார்.