பொறுத்துக்கொள் என்று சொன்னேன்

எங்கள் களுதாவளைக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் நடுவிலே கிடக்கும் மணல் நிலத்தில் கிணறு வெட்டி, நீர் இறைத்து, வெற்றிலைக் கொடி வளர்க்கின்றவர்கள் நாங்கள். வெற்றிலைக் கொடி செல்லப் பிள்ளையைப் போன்றது. வெயில் மிஞ்சினாலும் வாடும். காற்று மிஞ்சினாலும் கிழியும். ஆகையால் சுற்றிவரக் கிடுகு வேலி கட்டி அதனைக் காப்போம். ஒரு கொடிக்கு இத்தனை காவல் வைக்கத் தெரிந்த நான், பல்கலைக்கழகத்துக்குச் சென்ற என் மருமகனை எப்படிக் காத்தேன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இது பெருமைக்குரிய கதையன்று.

அவன் என் தங்கையின் மகன். தகப்பன் இளமையிலே காலமாகிவிட்டபடியால், மட்டக்களப்பு வழக்கப்படி தாய்மாமனாகிய என் தோளில் பொறுப்பு விழுந்தது. உயர்தரப் பரீட்சையிலே சித்தியடைந்து, தூரத்திலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவன் தெரிவானபோது எங்கள் வீட்டில் நிகழ்ந்த கொண்டாட்டத்தைச் சொல்லி முடியாது. சுயம்புலிங்கப் பிள்ளையாருக்குப் பொங்கலிட்டோம். தங்கை எள்ளுருண்டையும் மிளகாய்த் தூளும் கட்டிக் கொடுத்தாள். நான் உபதேசம் செய்தேன். "கண்ட இடத்தில் சாப்பிடாதே, இரவில் தனியே திரியாதே, காசைப் பத்திரமாக வைத்துக்கொள்" என்றெல்லாம் சொன்னேன். ஆபத்து விடுதிக்கு வெளியேதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் கிழமை ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தான். "மாமா, இங்கே சீனியர்மார் கொஞ்சம் கரைச்சல் தருகிறார்கள்" என்றான்.

"அது எல்லா இடத்திலும் உள்ளதுதான், மகன். கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள். பெரிய மாணவர்களைப் பகைத்துக்கொள்ளாதே" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பின்பு, "சரி மாமா" என்றான். அதன்பின் எப்போது கேட்டாலும், "சுகமாயிருக்கிறேன்" என்பதே பதில். நானும் அதை நம்பி நிம்மதியாயிருந்தேன்.

விடுமுறைக்கு வந்தவனை மாலையிலே கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். சிறுவயது முதல் பிள்ளையார் முன்னிலையில் தோப்புக்கரணம் போடாமல் அவன் திரும்பியதில்லை. அன்றும் காதுகளைப் பிடித்தான். பாதி குனிந்தவன் அப்படியே நின்று, பக்கத்துத் தூணைப் பற்றிக்கொண்டான். "கால் நோகிறது, மாமா" என்றான். அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இரவு கிணற்றடியில் வைத்துக் கேட்டேன். நெடுநேரம் கழித்தே வாய் திறந்தான். முதல் நாள் இரவு, அறையொன்றில் கதவைச் சாத்தி, எண்ணிக்கை நூறுகளைத் தாண்டும்வரை தோப்புக்கரணம் போட வைத்திருக்கிறார்கள். விழுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முந்திய கிழமைகளில் நடந்தவற்றில் சிலவற்றை இங்கே எழுதவும் கை கூசுகிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் உங்களிடம் அப்போதே சொன்னேன்தானே, மாமா" என்றான். அவன் குரலில் கோபமில்லை. கோபமிருந்தாலாவது எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

உடனே என் நினைவுக்கு வந்தது 1997ஆம் ஆண்டு. பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்து மாணவன் வரப்பிரகாஷ், பகிடிவதையின்போது கடுமையான உடற்பயிற்சிகள் செய்ய வைக்கப்பட்டு, சிறுநீரகங்கள் செயலிழந்து மாண்டான். பழக்கமில்லாத உடலை அளவுக்கு மிஞ்சி வருத்தும்போது தசைநார்கள் சிதைகின்றன. அவற்றிலிருந்து கசியும் பொருள் இரத்தத்தோடு சென்று சிறுநீரகத்தை அடைத்துவிடுகிறது. சிறுநீர் சாயத் தேநீரின் நிறத்தில் போவது அதன் எச்சரிக்கை. அடியின் தழும்பு எதுவும் தோலில் இராது. உள்ளேயோ உயிர் ஊசலாடும்.

"சிறுநீர் என்ன நிறமாகப் போகிறது?" என்று கேட்டேன். "காலையில் தேயிலைச் சாயம்போல இருந்தது" என்றான். விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், சேலைன் ஏற்றி நான்கு நாள் வைத்திருந்தார். பிள்ளையார் புண்ணியத்தில் சிறுநீரகம் தப்பியது. "ஒரு நாள் தாமதித்திருந்தால்..." என்று தொடங்கிய வைத்தியர், தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த நான்கு நாளும் கட்டிலருகே இருந்து நான் யோசித்ததுண்டு. 'பகிடிவதை' என்ற சொல்லையே பாருங்கள். பகிடி அவர்களுக்கு, வதை இவனுக்கு. பிள்ளையார் முன்னே தானாகப் போடும் தோப்புக்கரணம் பக்தி. பிறர் போட வைக்கும்போது அதுவே சித்திரவதை. காரைதீவிலே பிறந்த நம் விபுலாநந்த அடிகள் 1931இல் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அந்தச் சிதம்பரத்திலேதான் 1996இல் பொன் நாவரசு என்ற முதலாண்டு மருத்துவ மாணவன் பகிடிவதையின் பேரால் கொலையுண்டான். அவன் தந்தை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். இலங்கைப் பல்கலைக்கழகம் பின்னர் குடியேறிய பேராதனையிலே, அடுத்த ஆண்டு வரப்பிரகாஷ். அடிகள் கல்வி விளக்கேற்றிய இரண்டு மனைகளிலும் இந்த இருள் புகுந்தது. துணைவேந்தரின் மகனுக்கே இக்கதியென்றால், வெற்றிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யார் காவல்?

சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாடு 1997இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உண்டு. உடலுக்கு மட்டுமன்றி மனத்துக்கு விளைக்கும் வேதனையும் அச்சமுங்கூட அச்சட்டப்படி பகிடிவதையே. அதற்கு இரண்டு ஆண்டுவரை கடூழியச் சிறை. பாலியல் துன்பமோ கடுங்காயமோ விளைத்தால் பத்து ஆண்டுவரை. ஆனால் சட்டம் காது கேளாத காவற்காரனைப் போன்றது. யாராவது சென்று தட்டி எழுப்ப வேண்டும். எழுப்ப வேண்டிய பிள்ளையின் வாயை அடைப்பவர்கள் சீனியர்மார் மட்டுமல்லர். "பொறுத்துக்கொள்" என்று சொல்லும் நாமும் அவர்களோடு சேர்ந்தே அடைக்கிறோம்.

முறைப்பாடு செய்ய மருமகன் முதலில் உடன்படவில்லை. "என்னை ஒருவரும் சேர்க்கமாட்டார்கள், குறிப்பும் தரமாட்டார்கள்" என்றான். நான் வற்புறுத்தவில்லை. "படிப்பை விட்டுவிட்டு வந்தாலும் இந்த வீட்டில் உனக்கு இலை போடுவோம்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் தானாகவே கொப்பியொன்றை எடுத்து, நாள், நேரம், இடம், உடனிருந்தோர் என்று எல்லாவற்றையும் எழுதினான். கைத்தொலைபேசியில் வந்த மிரட்டல்களை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. வருத்தம் எப்படி வந்தது என்பதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொன்னதால் அதுவும் ஏட்டில் ஏறியது. அவனோடு இன்னும் இரண்டு மாணவர்கள் சேர்ந்து கையொப்பமிட்டார்கள். விசாரணை நீண்டது, சில மாதம் தனியே இருந்து சாப்பிட்டான். ஆனால் படிப்பை விடவில்லை. இப்போது மூன்றாம் வருடத்தில் இருக்கிறான். புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, "எந்த நேரமென்றாலும் எடுங்கள்" என்று சொல்லிவருகிறானாம்.

தாய்மார்களே, தந்தைமார்களே! ஒவ்வோர் ஆண்டும் எங்கள் ஊரிலிருந்து பிள்ளைகள் வந்தாறுமூலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பேராதனைக்கும் கொழும்புக்கும் புறப்படுகிறார்கள். அந்த வீடுகளுக்கு நான் ஒருமுறை போய்வருவதுண்டு. எள்ளுருண்டையும் உபதேசமும் அவர்களே கொடுத்துவிடுவார்கள். அவற்றோடு இன்னுமொன்றைக் கொடுத்தனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்: "உனக்கு என்ன நடந்தாலும் எங்களிடம் சொல், நாங்கள் நம்புவோம், வேண்டுமானால் அன்றைக்கே வீட்டுக்கு வா" என்ற வார்த்தை அது. பஸ் ஏறுவதற்கு முன்னே அதைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.